துக்க வீட்டு மேண்டோலா

செப்டம்பர் 12, வெள்ளி

நாற்பது நாளைக்கு இந்த வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாதாம். ரேடியோ கூடாது, டிவி கூடாது, போனில் மணி அடித்தால்கூட அது பாட்டாக இருக்கக் கூடாது. ரெஜினா அத்தை வந்து சொல்லிவிட்டுப் போனாள். அத்தை அப்பாவின் தங்கை. எதிர் வீடு. அவள் வீட்டில் இப்போது கிரிக்கெட் ஓடுகிறது. அவள் மகன் ஜூடு ஒவ்வொரு பந்துக்கும் கத்துவது இங்கே கேட்கிறது. செத்தது அவனுக்குத் தாய்மாமா. ஆனால் கிரிக்கெட் பாட்டு இல்லையாம், அதனால் தோஷம் இல்லையாம்.

அப்பா துறைமுகத்தில் வேலை நேரத்தில் உட்கார்ந்த இடத்திலேயே இறந்துபோனார். போன வாரம் செவ்வாய்க்கிழமை. அதைப் பற்றி எழுத இந்த நோட்டை எடுக்கவில்லை.

எடுத்தது டமியான் மாமாவைத் திட்ட. அப்பா சனி, ஞாயிறுகளில் வாசிக்கப் போகும் மெல்லிசைக் குழு அவருடையது. காலையில் வந்தார். அம்மா கொடுத்த காப்பியைப் பாதி குடித்துவிட்டு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மைனி, நாப்பது கழியட்டும். அந்த மேண்டலினை நான் எடுத்துக்கிடுதேன். அது குழுச் சாமான் பாத்துக்கோங்க. அவசரம் ஒண்ணும் இல்ல."

அவசரம் இல்லாதவர் பத்தே நாளில் எதற்கு வந்தார்?

முதலில், அது மேண்டலின் இல்லை. மேண்டோலா. மேண்டலினுக்கு அக்கா மாதிரி. உடம்பு பெரிது, குரல் தாழ்ந்தது. ஒரு கப்பல்காரரிடம் மேண்டலின் என்று நினைத்து வாங்கியவர் இதே டமியான் மாமாதான். குழுவில் யாருக்கும் அது பிடிபடவில்லை, அப்பாவிடம் தள்ளிவிட்டார். நான் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து அது எங்கள் பீரோவுக்கு மேலே இருக்கிறது. இத்தனை வருடத்தில் அவர் அதன் பெயரைக்கூடச் சரியாகச் சொன்னது கிடையாது. இப்போது அது அவருடைய சாமானாம்.

இன்னொன்று யாருக்கும் தெரியாது. அதை நான் வாசிப்பேன்.

அப்பா என்னைத் தொட விட்டதில்லை. "கம்பி அறுந்தா நீ வாங்கித் தருவியாட்டி? போய் அம்மாவுக்கு மாவை அள்ளு" என்பார். அவர் வேலைக்குப் போனதும் ஸ்டூலைப் போட்டு இறக்குவேன், வருவதற்கு முன் அதே தூசியோடு மேலே வைப்பேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து இதுதான் என் பள்ளிக்கூடம். நானாகவே மெட்டுக் கட்டவும் செய்கிறேன். அதை ஒருவர் முன்னாலும் வாசித்ததில்லை. வாசிக்கவும் மாட்டேன். ஆனால் நாற்பதாம் நாள் அது போய்விட்டால் மெட்டு எங்கே இருக்கும்? அதற்குள் போனில் பதிந்துவிட வேண்டும். அதே நாற்பது நாளும் சத்தம் வரக் கூடாது.

இதை யார் யோசித்துச் செய்தார்களோ அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் இரண்டு பெண்கள், நான் காது கேட்காதவள் மாதிரி, என் பக்கத்தில் நின்றே பேசினார்கள்.

"ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாளா பாரேன்."

"அது அப்படித்தான். வாயும் கிடையாது, அழுகையும் கிடையாது."

அழுகைக்கு ஆள் வந்து எண்ணிக்கொண்டு நிற்கும் என்று தெரிந்திருந்தால் ஒழுங்காக அழுதிருப்பேன்.

செப்டம்பர் 15, திங்கள்

இன்று பதிவு செய்து பார்த்தேன். உள் அறைதான். ஜன்னலில் தலையணையை அடைத்தேன். குறுக்கே கொடி கட்டி அப்பாவின் சட்டைகளை நெருக்கமாகத் தொங்கவிட்டேன். துணி சத்தத்தைக் குடித்துவிடும். கம்பிகளுக்கு அடியில், அவற்றைத் தாங்கும் பாலத்தை ஒட்டி, ஒரு கைக்குட்டையை மடித்துச் செருகினேன். இப்போது எவ்வளவு தட்டினாலும் அறைக்கு வெளியே போகாது.

போனைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பதிந்தேன். கேட்டால் அழுகையாக வந்தது. அழவில்லை, வந்தது, அவ்வளவுதான். நனைந்த பலகையைக் கட்டைவிரலால் தட்டுவது போல ஒரு சத்தம். சுரம் பிறந்த இடத்திலேயே செத்துவிடுகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி இல்லை. என் மெட்டு இது இல்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

தண்ணி லாரி வரவில்லை. மூன்று குடம் அத்தை வீட்டில் கடன். மூன்று குடத்துக்கும் மூன்று அறிவுரை.

செப்டம்பர் 18, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்! போனில் பதிவு செய்யும் ஆப்பிலேயே ரிவெர்ப் என்று ஒன்று இருக்கிறது. ஒரு பெரிய இடத்தில் வாசித்தால் சத்தம் சுவரில் பட்டு, கூரையில் பட்டு, தேய்ந்து தேய்ந்து திரும்பி வருமே, அதைச் செய்து தருகிறது. ரூம், ஹால், சர்ச் என்று வரிசையாகப் பட்டன்கள். சர்ச்சை அழுத்தினால் கிணற்றுக்குள் விழுந்தது மாதிரி எல்லாம் குழம்புகிறது. ரூம் போதவில்லை. ஹாலை அழுத்திவிட்டு அளவைப் பாதிக்கும் கீழே இழுத்தேன்.

செத்த சுரம் எழுந்து நின்றது.

கைக்குட்டை செருகிய கம்பிதான். தலையணை அடைத்த அறைதான். ஆனால் கேட்டால் உயரமான கூரை, திறந்த கதவுகள், தூரத்தில் ஆட்கள். மேண்டோலாவின் தாழ்ந்த கம்பி அடிவயிற்றிலிருந்து பேசுகிறது. இவர்கள் எனக்குத் தராத இடம் முழுவதும் ஒரு பட்டனில் இருக்கிறது.

ஒன்று மட்டும் கவனம். ரிவெர்ப் போட்டதை வேறு பெயரில் சேமிக்க வேண்டும். மேலேயே சேமித்துவிட்டால் அப்புறம் பிரிக்க முடியாது. காப்பியில் கரைந்த சர்க்கரை மாதிரி.

செப்டம்பர் 20, சனி

அம்மாவை என்ன செய்வது? அம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறாள். எங்கள் வீட்டில் கிரைண்டர் ஓடாத நாள் இல்லை, தெரியும். ஆனால் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, மெட்டின் நடுவில் அந்தக் கஷ்டமான இடத்தைத் தாண்டும்போது பார்த்துப் பார்த்துப் போடுகிறாள். கடகடவென்று சுவரே ஆடுகிறது. பதிவு பாழ். வெளியே வந்து முறைத்தேன். வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன மைனி, இந்த நேரத்துல அரைக்கிய?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமலா, மாவு கேக்குறவிய கூட."

அத்தை போனாள். கிரைண்டர் நின்றது. நான்தான் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தேனே. எனக்கு என்ன பிரயோசனம்?

செப்டம்பர் 23, செவ்வாய்

மூன்று மெட்டில் எதைப் பதிவது என்று முடிவு செய்துவிட்டேன். கடைசியாகக் கட்டியது. அது தாழ்ந்த கம்பியில் தொடங்கும், மேலே போகப் பார்க்கும், போகாது, திரும்பி வரும். மறுபடி போகும். அப்பா சைக்கிளை வாசலில் ஏற்றும்போது முதல் தடவை ஏறாதே, அது மாதிரி. இதற்கு அதுதான் காரணம் என்று இல்லை. எழுதும்போது தோன்றியது.

செப்டம்பர் 25, வியாழன்

இன்று நேற்றைவிட மோசம். மறுபடி அத்தை, மறுபடி கிரைண்டர். இந்த முறை எனக்குப் பொறுக்கவில்லை. அத்தை போனதும் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே அரிசி இல்லை, உளுந்து இல்லை. வெறும் கல்லைப் பத்து நிமிஷம் சுற்ற விட்டிருக்கிறாள்.

"என்னம்மா இது?"

"சும்மா ஓடிச்சுனா கல்லு சுத்தமாவும்."

கரண்ட் பில் வரும்போது தெரியும். அம்மாவுக்கு அப்பா போனதிலிருந்து எதிலும் கவனம் இல்லை.

அக்டோபர் 1, புதன்

முப்பதாம் நாள் பூசை. முடிந்ததும் அத்தை ஒரு பெரிய பையோடு வந்து அப்பாவின் உடுப்புகளை எடுத்தாள். முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தால் ஆத்துமாவுக்கு நல்லதாம். உள் அறைக்குள் போய், கொடியில் இருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக உருவினாள்.

"இதை எதுக்குட்டி இப்படி வரிசையா தொங்கப் போட்டிருக்க? துணிக்கடை மாதிரி?"

நான் அந்தக் கோடு போட்ட நீலச் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. அத்தை இழுத்தாள், நான் இழுத்தேன். கடைசியில் அம்மா, "அதை விடு ரெஜினா, அது கிழிஞ்சது" என்றாள். அது கிழியவில்லை.

இந்தக் கோபம் சட்டைக்காக இல்லை. துணி இல்லாவிட்டால் அறை மொட்டையாகிவிடும், சத்தம் வெளியே போகும். அதற்காகத்தான். பழைய சேலைகளைக் கட்டிச் சமாளிக்க வேண்டியதுதான். நீலச் சட்டையை நடுவில் மாட்டியிருக்கிறேன், போன் வைக்கப் பை வேண்டுமே.

அக்டோபர் 4, சனி

வந்துவிட்டது.

அம்மா மாவு கொடுக்கப் போயிருந்தாள். அத்தை ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். கிரைண்டர் இல்லை, ஆள் இல்லை. ஒரே மூச்சில் தொடக்கத்திலிருந்து முடிவு வரை. நடுவில் விரல் ஒரு இடத்தில் வழுக்கியது, வழுக்கட்டும். ரிவெர்ப் போட்டு, காதில் மாட்டி, தரையில் படுத்துக்கொண்டு கேட்டேன்.

நான் எழுந்து நின்று கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் வகுப்பே சிரித்ததே, அந்தப் பெண்ணா இவள்? இவ்வளவு பெரிய இடத்தில் இவ்வளவு நிதானமாக நிற்கிறாள்.

மீன் கருகிவிட்டது. பரவாயில்லை.

அக்டோபர் 6, திங்கள்

நாற்பதாம் நாளுக்கு நினைவுப் படம் அடிக்க அப்பாவின் போட்டோ வேண்டுமென்று ஜூடு என் போனை வாங்கிக்கொண்டு போனான். நல்ல போட்டோ எல்லாம் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்துத் தந்தான். சார்ஜ் சுத்தமாக இல்லை. நன்றி என்று ஒரு சொல் இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

ஆத்திரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும்.

காலையில் குடம் திருப்பிக் கொடுக்க அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை போனைக் கையில் வைத்துக்கொண்டு சோபாவில் அழுதுகொண்டிருந்தாள். போனில் என் மெட்டு. நான் வாசித்தது. முழுவதும். திரையில் அப்பாவின் போட்டோ, சுற்றிலும் பூ, கீழே எழுத்து: "எங்கள் கஸ்பார் மாமாவின் கடைசி வாசிப்பு."

"கேட்டியாட்டி உங்க அப்பா வாசிப்பை?" என்று அத்தை என்னைக் கட்டிக்கொண்டாள். "இந்தப் பாவி மவன் உன் போன்ல கெடந்ததைத் தேடி எடுத்திருக்கான். நீ ஒரு நாளாவது எங்ககிட்டப் போட்டுக் காட்டுனியா?"

நான் வாயைத் திறந்தேன். காற்று வந்தது.

ஜூடு பல் தேய்த்துக்கொண்டே வந்தான். "தெரு குரூப்புல போட்டேன், கோயில் குரூப்புல போட்டேன். குவைத்துல இருந்து எல்லாம் பேசுதாவ. டமியான் மாமா என்ன சொன்னாரு தெரியுமா? புன்னைக்காயல்ல ஒரு கல்யாண மண்டபத்துல வாசிச்சதாம். அவரு பக்கத்துலயே நின்னாராம்."

பக்கத்திலேயே நின்றாராம்! என் பக்கத்தில் தலையணையும் சேலையும்தான் நின்றன!

"அடுத்த வீட்டு ஆல்பர்ட் அண்ணனும் அந்தக் கல்யாணத்துக்குப் போயிருக்காரு. பிரியாணி சுமார்தானாம், ஆனா மாமா வாசிப்பு மட்டும் மறக்கவே முடியலையாம்."

நான் குடத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஒருவருக்குக்கூட சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? துக்க வீட்டில் பாட்டு கிடையாது. இந்த வீட்டில் அப்பாவைத் தவிர வாசிக்க ஆள் கிடையாது. ஹால் பட்டனை நம்பிப் பிரியாணியைக்கூடச் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள்.

என்னைத் தொடவே விடாதவருக்கு என் மெட்டு போய்விட்டது. அவர் கேட்கவும் இல்லை.

அக்டோபர் 8, புதன்

அம்மாவிடம் சொன்னேன். "அது நான்மா வாசிச்சது."

அம்மா உளுந்து கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சும் ஏம்மா சும்மா இருக்க?"

"என்ன சொல்லச் சொல்லுத? அப்பன் செத்து முப்பது நாள்ல மவ கம்பியைத் தூக்கிட்டான்னா? நாளைக்கு உனக்கு ஒரு மாப்பிள்ள பாக்கும்போது அதைத்தான் முதல்ல சொல்லுவாவ. நாலு பேரு உங்க அப்பாவை நல்லா சொல்லுதாவ. சொல்லிட்டுப் போட்டும். உங்க அப்பாவை அவரு இருக்கையில யாரு இப்படிச் சொன்னா?"

"நான் இருக்கேனேம்மா."

அம்மா தண்ணீரை வடித்தாள். உளுந்துத் தோல் எல்லாம் மிதந்து போனது. நான் இரவு சாப்பிடவில்லை. சாப்பிடக் கூப்பிடவும் இல்லை. தட்டை மட்டும் மூடி வைத்திருந்தாள்.

அக்டோபர் 9, வியாழன்

நாற்பதாம் நாள் பந்தலில் அந்தப் பாட்டைப் பெரிய ஸ்பீக்கரில் போடப் போகிறார்களாம். செத்தவர் வாசித்தது என்றால் தோஷம் இல்லையாம். உயிரோடு இருப்பவள் வாசித்தால்தான் தோஷம்.

அக்டோபர் 11, சனி

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

காலைப் பூசை, கல்லறை, பிறகு வீட்டு வாசலில் பந்தல். தகரப் பந்தல், பக்கத்துக்கு ஒரு ஃபேன். சாப்பாடு போடுவதற்கு முன் ஜூடு ஸ்பீக்கரை வைத்தான். என் மெட்டு தெரு முழுவதும் கேட்டது. பெண்கள் முந்தானையால் முகத்தை மூடினார்கள். டமியான் மாமா கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், அடுத்து என்ன வரும் என்று தெரிந்தவர் மாதிரி. என் விரல் வழுக்கிய இடத்தில், "பாத்தியா, அந்த இடத்துல வேணும்னே ஒரு நெளிவு கொடுக்காரு" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

அதுதான். அந்த நெளிவுதான். அதைக் கேட்டதும் எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது.

"அது நான்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை. உள்ளே போனேன். ஸ்டூலைப் போட்டு மேண்டோலாவை இறக்கினேன். வெளியே கொண்டுவந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஏட்டி டெல்பின், அதை ஏன் எடுத்த? டமியானு இப்ப கொண்டுபோகப் போறான்லா" என்றாள் அத்தை.

வாசித்தேன். தலையை நிமிர்த்தவில்லை. அதே மெட்டு, முதலிலிருந்து. எங்கேயும் நிற்கவில்லை. பந்தலில் ஃபேன் சத்தம், பாத்திரச் சத்தம், தெருவில் பைக். மேண்டோலாவின் குரல் என் முழங்காலைத் தாண்டிப் போனதா என்றே தெரியவில்லை. முடித்தேன்.

பிறகு டமியான் மாமா எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார்.

"நல்ல பிள்ள. அப்பா வாசிச்சதைக் கேட்டுக் கேட்டுப் படிச்சிருக்கு. ஆனா மக்கா, அந்த இது வரல. கஸ்பார் அண்ணன் கை வேற."

"மாமா வாசிச்சா மண்டபமே அதிரும்லா" என்றான் ஜூடு.

"அந்த மண்டபம் என் போன்ல இருக்கு!"

யார் இவ்வளவு சத்தமாகப் பேசினார்கள் என்று ஒரு நொடி நானே தேடினேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். போனை எடுத்தேன். ரிவெர்ப் போடாத பதிவை ஸ்பீக்கரில் போட்டேன். நனைந்த பலகைச் சத்தம். டொக், டொக், டொக். அதே மெட்டு, அதே வழுக்கல்.

"இதுதான் நான் வாசிச்சது. இந்த வீட்டு உள் ரூம்ல. இதுமேல ஹாலுன்னு ஒரு பட்டன் இருக்கு. அதை அமுக்குனா நீங்க கேட்டது வரும். புன்னைக்காயல் இல்ல, பிரியாணி இல்ல, ஒண்ணும் இல்ல."

ஆல்பர்ட் அண்ணன் வேறு பக்கம் பார்த்தார். டமியான் மாமா முகத்தைச் சுளித்தார்.

"ஏம்மா, அப்பா வாசிச்சதை இப்படியா கெடுத்து வைப்ப? ஒரே ஒரு பதிவு இருக்கு. அதையும் போன்ல நோண்டி நாசமாக்கிட்டியே!"

நான் கெடுத்துவிட்டேனாம். நான். என் பதிவை.

எனக்கு மறுபடி காற்றுதான் வந்தது. அப்போது அம்மா வந்தாள். சாம்பார் வாளி கையில் இருந்தது, அதைக் கீழேகூட வைக்கவில்லை.

"அவதான் வாசிச்சா" என்றாள். "இந்தத் துக்கத்துலதான், இந்த வீட்டுலதான். பதினாலாம் நாளே ஆரம்பிச்சா. எனக்குத் தெரியும்."

"மைனி!" என்றாள் அத்தை. "துக்க வீட்டுலயா? எங்கண்ணன் மண்ணு காயல, கம்பி தட்டுனாளா?"

"தட்டுனா. யாருக்கு என்ன சொல்லணுமோ எங்கிட்டச் சொல்லு. அவளுக்கு அழத் தெரியல. அதைத்தான் தெரியும் அவளுக்கு."

அது சரியில்லை. எனக்கு அழத் தெரியும். அந்த நேரத்தில் அதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்பதால் விட்டுவிட்டேன்.

அத்தை ஜூடின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள், இலை போடுவதற்கு முன்பே. அவள் பின்னால் இன்னும் சிலர். பந்தலில் பாதி நாற்காலி காலி. அம்மா காலியான நாற்காலிகளைப் பார்த்தாள், பிறகு இருந்தவர்களுக்கு இலை போடச் சொன்னாள்.

டமியான் மாமா மட்டும் நின்றார். கடமை இருக்கிறதே.

"சரி மைனி. நடந்தது நடந்துபோச்சு. அந்த மேண்டலினைத் தந்துடுங்க. குழு ஆபீஸ்ல அண்ணன் போட்டோ வைக்கப் போறோம். அதுக்குக் கீழ, ஒரு மாலை போட்டு, அதை மாட்டலாம்னு. நினைவா இருக்கும்."

"வாசிக்க ஆள் இருக்கா?"

"யாரு வாசிக்கப் போறா மைனி இந்தக் காலத்துல? கீபோர்டுல எல்லாச் சத்தமும் வந்துருது."

அம்மா வாளியை அப்போதுதான் கீழே வைத்தாள்.

"அப்போ போட்டோவைக் கொண்டு போங்க தம்பி. எங்ககிட்ட இன்னும் ரெண்டு இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார், மடியில் இருந்ததைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "குழுவுல பேசிட்டுச் சொல்லுதேன்" என்றார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். பேசட்டும். எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் பேசட்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

அத்தை எங்கள் வீட்டு வாசலைக்கூடப் பார்க்கவில்லை. மாவு வாங்கும் வீடுகளில் நான்கு பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். மீந்த மாவில் அம்மா எனக்கு இரண்டு ஊத்தப்பம் ஊற்றினாள். சாப்பிட்டு முடித்ததும், "நாப்பதுதான் முடிஞ்சிருச்சே. அந்தத் தலையணையை ஜன்னல்ல இருந்து எடு, காத்து வரட்டும்" என்றாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஜூடு அந்த வீடியோவை எடுக்க மாட்டானாம். அவ்வளவு பேர் பார்த்துவிட்டார்களாம், இனி எடுத்தால் அவனுக்கு மரியாதை போய்விடுமாம். அவனுடைய மரியாதை! பெயரையாவது மாற்று என்றேன். "மாமா பேரு இருந்தாத்தான் பாப்பாவ, உன்னை யாருக்குத் தெரியும்?" என்றான்.

அது இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. பார்த்தால் கீழே வரிசையாக எழுதுகிறார்கள். எனக்கு ஒருவரையும் தெரியாது. குவைத்தில் ஒருவர், மும்பையில் ஒரு அக்கா, மாலத்தீவில் ஒரு கப்பல்காரர். "ஆழ்ந்த இரங்கல், என்ன ஒரு கை!" "இப்படி வாசிக்க இனி ஒருத்தர் பிறக்க வேண்டும்." "போன பிறகுதான் அருமை தெரிகிறது."

அரை மணி நேரம் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்பின் தெரியாதவர்களிடம் நான் பேச மாட்டேன். கடையில் மிச்சச் சில்லறைகூடக் கேட்க மாட்டேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு குவைத்துக்காரரிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொருவருக்கும் கீழே, ஒருவரையும் விடாமல், ஒரே பதிலை எழுதிக்கொண்டு வருகிறேன்:

"வாசித்தது நான். பெயர் டெல்பின். உயிரோடுதான் இருக்கிறேன்."